கைமாறும் இடம்

2019 நவம்பர் 15 அன்று இத்தாலிய விண்வெளி வீரர் லூக்கா பர்மிதானோ சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு வெளியே, 17 மீட்டருக்கும் அதிக நீளமுள்ள ரோபோ கை ஒன்றின் நுனியில் கால்களைப் பூட்டிக்கொண்டு நின்றார். கையை இயக்கியவர்கள் நிலையத்துக்குள் இருந்த ஜெசிகா மியரும் கிறிஸ்டினா கோக்கும். அண்டக் கதிர்களை அளக்கும் ஏஎம்எஸ் என்ற 7 டன்னுக்கும் மேல் எடையுள்ள கருவியைப் பழுதுபார்ப்பது அவர் வேலை. அந்தக் கருவி 2011இல் மேலே போனபோது, யாரும் வந்து அதைத் திறந்து பார்ப்பார்கள் என்று வடிவமைத்தவர்கள் நினைக்கவில்லை. பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை, கழற்றுவதற்கேற்ற திருகுகள் இல்லை. ஆண்ட்ரூ மோர்கனுடன் சேர்ந்து நான்கு விண்வெளி நடைகளில் எட்டு மெல்லிய எஃகுக் குழாய்களை அறுத்து, புதிய குளிரூட்டும் அமைப்போடு இணைக்க வேண்டியிருந்தது.

அதே மாதத்தில் அதே மனிதர், மனிதருக்கும் எந்திரத்துக்கும் உள்ள இந்த உறவின் மறுமுனைக்கும் போனார். நிலையத்துக்குள் ஒரு கட்டுப்பாட்டுக் கருவியின் முன் மிதந்தபடி, நெதர்லாந்தின் வால்கன்பர்க்கில் ஒரு விமானக் கொட்டகைக்குள் நின்ற சக்கர வண்டியை ஓட்டினார். அதன் ரோபோ கையால் பாறைகளைத் தொட்டு, எடுத்து, அடுக்கினார். பாறையின் எதிர்ப்பு அவர் விரல்களுக்குத் திரும்பி வந்தது. ஐரோப்பிய விண்வெளி முகமை நடத்திய அனலாக்-1 என்ற இந்தச் சோதனையில், ஜெர்மனியின் கொலோன் நகரிலிருந்து நிலவியலாளர்கள் எந்தப் பாறை வேண்டும் என்று அவரிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். சில நாள் இடைவெளியில் ஒரே மனிதர் எந்திரத்தால் சுமக்கப்பட்டார், எந்திரத்தை இயக்கவும் செய்தார்.

விண்வெளிக்கு மனிதரை அனுப்ப வேண்டுமா, எந்திரம் போதுமா என்ற வழக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடக்கிறது. மனிதர் போனால் செலவும் உயிராபத்தும் அதிகம் என்பார் ஒருவர். எதிர்பாராதது நடந்தால் எந்திரம் திகைத்து நின்றுவிடும் என்பார் இன்னொருவர். இரண்டும் உண்மைதான். ஆனால் சுற்றுப்பாதையில் நடந்த பழுதுபார்ப்பு வேலைகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தால், தனியாக மனிதர் செய்தது என்றோ தனியாக எந்திரம் செய்தது என்றோ சுட்டிக்காட்ட எதுவும் அகப்படுவதில்லை. வேலை ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கைமாறும் இடங்கள்தான் அகப்படுகின்றன. அந்த இடங்களை யாராவது முன்கூட்டி யோசித்து வைத்திருந்தால் வேலை நடந்திருக்கிறது. யோசிக்காமல் விட்ட இடத்தில் உலகின் மிகத் தேர்ந்த வீரர்களும் மிக விலையுயர்ந்த எந்திரங்களும் சேர்ந்து தவித்திருக்கின்றன.

இதன் முதல் பாடம் 1984 ஏப்ரலில் கிடைத்தது. சோலார் மேக்ஸ் என்ற சூரிய ஆய்வுச் செயற்கைக்கோள் 1980இல் ஏவப்பட்டு, அதே ஆண்டு முடிவதற்குள் தன் திசையை நிலைநிறுத்தும் திறனை இழந்தது. அதைச் சுற்றுப்பாதையிலேயே பழுதுபார்க்கச் சேலஞ்சர் விண்ணோடம் சென்றது. திட்டத்தில் நாயகன் மனிதர். ஜார்ஜ் நெல்சன் முதுகில் கட்டிய உந்துபொறியுடன் தனியாகப் பறந்துபோய், மார்பில் பொருத்திய பிடிகருவியால் கோளின் ஒரு முளையைக் கவ்வ வேண்டும். போனார், மோதினார், கவ்வவில்லை. மறுபடி மோதினார், அப்போதும் கவ்வவில்லை. முளைக்கு அருகே வெப்பப் போர்வையைப் பிடித்திருந்த ஒரு சிறு பொருள், வரைபடங்களில் இல்லாதது, குறுக்கே நின்றது. கடைசியில் சூரியத் தகட்டைக் கையால் பிடித்து நிறுத்தப் பார்த்தார். கோள் இன்னும் மோசமாகப் புரளத் தொடங்கியது.

அதன்பின் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. மேரிலாந்தில் உள்ள கோடார்ட் மையப் பொறியாளர்கள் தரையிலிருந்தே, கோளின் மின்கலங்கள் தீர்வதற்குள், புரளலை அடக்கினார்கள். இரண்டு நாள் கழித்து டெர்ரி ஹார்ட் விண்ணோடத்துக்குள் இருந்தபடி கனடா நாட்டு ரோபோ கையான கனடார்மை நீட்டிக் கோளைப் பிடித்தார். பிறகு நெல்சனும் ஜேம்ஸ் வான் ஹாஃப்டனும் விண்ணோடத்தின் சரக்குத் தளத்தில் வைத்துப் பழுதான பெட்டிகளை மாற்றினார்கள். மனிதரிடம் தோற்ற வேலை தரைக்குப் போய், தரையிலிருந்து எந்திரத்துக்குப் போய், எந்திரத்திலிருந்து மறுபடி மனிதரின் விரல்களுக்கு வந்து சேர்ந்தது.

இந்தச் சுற்று சாத்தியமானதற்குக் காரணம் ஃபிராங்க் செப்போலினா என்ற கோடார்ட் பொறியாளர். கோள்களைக் கழற்றி மாட்டக்கூடிய பெட்டிகளாகக் கட்ட வேண்டும், ரோபோ கை பற்றுவதற்கு ஒரு பிடிமுளை வைக்க வேண்டும் என்று, அதன் தேவை யாருக்கும் புரியாத காலத்திலேயே வாதாடியவர் அவர். கனடார்மின் நுனியில் விரல்கள் கிடையாது. ஓர் உருளைக்குள் மூன்று கம்பி வடங்கள் இருக்கும். பிடிமுளை உள்ளே வந்ததும் அவை சுழன்று சுருங்கி அதை இறுக்கும். முளை இருந்தால் பல டன் எடையுள்ள பொருளையும் பிடித்துவிடலாம், முளை இல்லாவிட்டால் சிறு கோளைக்கூடப் பிடிக்க வழியில்லை.

முளை இல்லாத கதை 1992 மே மாதத்தில் வந்தது. இன்டெல்சாட்-6 வரிசையைச் சேர்ந்த தொலைத்தொடர்புக் கோள் ஒன்று, 4 டன்னுக்கும் மேல் எடை, 1990இல் தவறான தாழ்பாதையில் விடப்பட்டுக் கிடந்தது. அதை மீட்டு உயரே அனுப்ப எண்டெவர் விண்ணோடம் தன் முதல் பயணத்திலேயே போனது. பியர் துவோ கனடார்மின் நுனியில் நின்றுகொண்டு, இதற்கென்றே செய்த ஒரு பிடிசட்டத்தைக் கோளின் அடி வளையத்தில் பொருத்த முயன்றார். மெல்லத் தொட்டாலே கோள் விலகி ஓடியது. தரையில் பயிற்சி செய்த மாதிரி காற்றுத் தளத்தின் மேல் மிதந்தது. அங்கே இருந்த சிறு உராய்வு விண்வெளியில் இல்லை. இரண்டு நாள் முயற்சி வீணானது. மூன்றாவது முறை மூன்று பேர் வெளியே போனார்கள். அதற்கு முன் யாரும் அப்படிச் செய்ததில்லை. துவோ, ரிச்சர்ட் ஹீப், தாமஸ் ஏக்கர்ஸ் மூவரும் சரக்குத் தளத்தில் மூன்று புள்ளிகளில் காத்திருக்க, டேனியல் பிராண்டன்ஸ்டைன் விண்ணோடத்தையே கோளுக்கு அடியில் கொண்டுவந்து நிறுத்தினார். மூவரும் ஒரே நேரத்தில் கையுறைக் கைகளால் வளையத்தைப் பிடித்தார்கள். பிடித்த பிறகு சட்டத்தை மாட்டினார்கள், சட்டத்தில் இருந்த முளையை ரோபோ கை பற்றிக்கொண்டது. அந்த நடை 8 மணி 29 நிமிடம் நீடித்தது.

மனிதக் கை எந்திரத்தை வென்ற நாள் என்று இதைக் கொண்டாடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது முழு உண்மையாகத் தோன்றவில்லை. அன்று மனிதக் கைகள் செய்தது, எந்திரம் பற்றுவதற்கு ஒரு முளையை உண்டாக்கிக் கொடுத்தது. வடிவமைப்பு மேசையில் வைத்திருக்க வேண்டிய ஒன்றை மூன்று உயிர்களைப் பணயம் வைத்துச் சுற்றுப்பாதையில் வைத்தார்கள்.

முன்யோசனை எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதற்கு 2007 நவம்பர் 3 அன்று நடந்ததை விடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது. நிலையத்தின் பி-6 எனப்படும் சூரியத் தகட்டு அமைப்பு ஏழு ஆண்டுகள் ஓரிடத்தில் இருந்துவிட்டு, மடித்து, இடம் மாற்றி, மறுபடி விரிக்கப்பட்டது. விரியும்போது வழிகாட்டும் கம்பி ஒன்று சிக்கித் தகடு இரண்டு இடங்களில் கிழிந்தது. பாதி விரிந்த தகட்டை அப்படியே விட்டால் அது உறுதியாக நிற்காது. மடிக்கவும் முடியாது. கிழிந்த இடமோ நிலையத்தின் ஓரத்திலும் உயரத்திலும், எந்த விண்வெளி நடையும் அதுவரை எட்டாத தொலைவில் இருந்தது. நிலையத்தின் ரோபோ கையான கனடார்ம்-2 மட்டும் நீண்டால் போதாது.

ஆனால் எண்டெவரின் உடன்பிறப்பான டிஸ்கவரி விண்ணோடத்தில் இன்னொரு நீளக் கம்பம் இருந்தது. 2003இல் கொலம்பியா விண்ணோடம் அழிந்தபின், விண்ணோடத்தின் அடிப்பாகத்து ஓடுகளைப் படம்பிடிக்க என்று செய்யப்பட்ட சுமார் 15 மீட்டர் கம்பம் அது. அதன் நுனியில் ஆள் நின்று வேலை செய்ய முடியுமா என்று 2006 ஜூலையில் பியர்ஸ் செல்லர்ஸும் மைக்கேல் ஃபாஸமும் ஏற்கெனவே சோதித்திருந்தார்கள். நுனியில் நின்று அசைந்து, குனிந்து, கம்பம் எவ்வளவு ஆடுகிறது என்று அளந்தார்கள். சூரியத் தகடு கிழியும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. விண்ணோடத்து ஓடுகளைப் பழுதுபார்க்க நேர்ந்தால் உதவும் என்ற எண்ணத்தில் செய்த சோதனை பதினாறு மாதம் கழித்து வேறொரு வேலைக்குக் கைகொடுத்தது.

மருத்துவரான ஸ்காட் பாராசின்ஸ்கி கனடார்ம்-2 பிடித்திருந்த அந்தக் கம்பத்தின் நுனியில் ஏறினார். ஸ்டெபனி வில்சனும் டேனியல் டானியும் உள்ளிருந்து கையை நகர்த்தினார்கள். போய்ச் சேரவே ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஆனது. தகட்டை அணைத்து வைக்க வழியில்லை, சூரிய ஒளி படும் நேரமெல்லாம் அதில் நூறு வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் இருக்கும். அதனால் உடையின் உலோகப் பாகங்களை மின்கடத்தா நாடாவால் சுற்றியிருந்தார்கள். உள்ளே இருந்த குழுவினர் அலுமினியத் துண்டுகளையும் கம்பியையும் கொண்டு, சட்டைக் கைப் பொத்தான் வடிவில் ஐந்து இணைப்பிகளைத் தயாரித்துக் கொடுத்திருந்தார்கள். தகடு தன்னை நோக்கி ஆடி வந்தால் தள்ளிவிட மின்கடத்தாத ஒரு கோலும் கையில் இருந்தது. டக்ளஸ் வீலாக் கீழே நின்று தகட்டுக்கும் பாராசின்ஸ்கிக்கும் உள்ள இடைவெளியைக் கண்ணால் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். பாராசின்ஸ்கி சிக்கிய கம்பியை அறுத்து, இணைப்பிகளைத் தைத்து முடித்தார். தகடு முழுதாக விரிந்தது.

இங்கே கையை ஓட்டியவர்களுக்குக் கையின் நுனி நேராகத் தெரியவில்லை. கேமராக்களும் பாராசின்ஸ்கியின் குரலும்தான் அவர்களுக்குக் கண். பாராசின்ஸ்கிக்கோ தன் கால்களுக்குக் கீழே இருந்த எந்திரத்தின் மேல் எந்த அதிகாரமும் இல்லை, ‘நிறுத்து’ என்று சொல்லும் ஒன்றைத் தவிர. கனடார்ம்-2 சுமையில்லாதபோது நொடிக்கு 37 சென்டிமீட்டர் வேகத்தில் நகரக்கூடியது. ஆள் நிற்கும்போது அதைப் பாதிக்கும் கீழே குறைத்துவிடுகிறார்கள். அந்த வேகக் குறைப்பு, ஒரே ஒழுங்கில் பேசப்படும் கட்டளைகள், சொன்னதைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்யும் பழக்கம் ஆகியவற்றைத்தான் நான் கூட்டுவேலை என்கிறேன். எந்திரத்தின் அறிவுக்கூர்மைக்கு அந்த நாளில் சிறு பங்குதான்.

மேலே சொன்ன வேலைகளில் மனிதரும் எந்திரமும் அருகருகே இருந்தார்கள். இடையில் தொலைவு வந்தால் இன்னொரு சிக்கல் தோன்றுகிறது. ஒளியின் வேகத்தில் போகும் செய்தி நிலவுக்குப் போய்த் திரும்ப ஏறக்குறைய இரண்டரை நொடி ஆகிறது. செவ்வாய்க்கு ஒருவழிப் பயணமே 3 முதல் 22 நிமிடம் வரை. 1960களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி.யில் வில்லியம் ஃபெரலும் தாமஸ் ஷெரிடனும், தாமதத்தோடு ஒரு கையை இயக்கச் சொன்னால் மனிதர் என்ன செய்வார் என்று சோதித்தார்கள். யாரும் சொல்லித்தராமலே எல்லாரும் ஒரே வழிக்கு வந்தார்கள்: கொஞ்சம் நகர்த்துவது, நின்று விளைவைப் பார்ப்பது, மறுபடி கொஞ்சம் நகர்த்துவது. வேலை முடியும், ஆனால் நேரம் பல மடங்காகும். ஆகவே ஒவ்வொரு அசைவையும் கட்டளையிடாமல் ‘இந்த முளையை அந்தத் துளையில் வை’ என்று குறிக்கோளை மட்டும் சொல்லிவிட்டு, அசைவுகளை எந்திரத்திடம் விட வேண்டும் என்று ஷெரிடன் எழுதினார். மேற்பார்வைக் கட்டுப்பாடு என்று இன்று பெயர் பெற்ற முறை அது.

சோவியத் நாட்டினர் இந்தத் தாமதத்தை மனிதர்களைக் கொண்டே சமாளித்தார்கள். 1970 நவம்பரில் நிலவில் இறங்கிய லுனோகோட்-1 வண்டியைக் கிரிமியாவிலிருந்து ஐவர் குழு ஓட்டியது. தளபதி, ஓட்டுநர், வழிகாட்டி, பொறியாளர், ஆன்டெனாவை இயக்குபவர். தொடர்காட்சி வராது, சில நொடிக்கு ஒரு படம். படம் வருவதற்குள் வண்டி நகர்ந்திருக்கும். அந்தப் படங்களைக் கொண்டே 10 கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டினார்கள், 1973இல் லுனோகோட்-2 ஏறக்குறைய 39 கிலோமீட்டர் போனது. அந்த ஓட்டுநர்களின் பொறுமையைப் பற்றி நம் பக்கத்தில் அதிகம் எழுதப்படவில்லை என்பது எனக்கு ஒரு குறை.

ஜெர்மனியில் கெர்ட் ஹிர்சிங்கரின் குழு வேறு வழியில் போனது. 1993இல் கொலம்பியா விண்ணோடத்தில் பறந்த ராட்டெக்ஸ் என்ற சிறு ரோபோ கையை விண்வெளி வீரர் உள்ளிருந்தும் ஓட்டலாம், தரையிலிருந்தும் ஓட்டலாம், தானாகவும் இயங்க விடலாம். தரையிலிருந்து ஓட்டும்போது ஏறக்குறைய ஆறு நொடித் தாமதம். அதனால் கணினி, கை இன்னும் சில நொடிகளில் எங்கே இருக்கும் என்று முன்கணித்துப் படம் காட்டியது. ஓட்டுபவர் அந்த எதிர்காலப் படத்தைப் பார்த்து இயக்கினார். பிடியில் இருந்த உணரிகள் கடைசிச் சில சென்டிமீட்டரை ஏற்றுக்கொண்டன. இப்படி மிதந்துகொண்டிருந்த ஒரு சிறு கட்டையைத் தரையிலிருந்தே பிடித்தார்கள். இந்த வழியின் நீட்சிதான் 2015இல் ஆண்ட்ரியாஸ் மொகென்சன் நிலையத்திலிருந்து நெதர்லாந்தில் இருந்த வண்டியைக் கொண்டு, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியுள்ள துளையில் உலோக முளையைத் தொட்டுணர்ந்து செருகியதும், பர்மிதானோ பாறை எடுத்ததும். நாளை நிலவைச் சுற்றும் ஒருவர் நிலவின் தரையில் உள்ள எந்திரத்தைத் தன் கைபோல் இயக்கலாம் என்பதற்கு இவை முன்னோட்டம். செவ்வாயைப் பூமியிலிருந்து தொட்டுணர முடியாது. அதன் சுற்றுப்பாதையில் ஒருவர் இருந்தால் முடியும். மனிதர் தரையிறங்காமலே மனிதர் தேவைப்படும் இடம் இது. பழைய வழக்கின் இரு தரப்பும் இதைக் கணக்கில் எடுத்ததில்லை.

அந்த வழக்கு ஒருமுறை நிஜமாகவே மேசைக்கு வந்தது. கொலம்பியா விபத்துக்குப் பின், 2004 ஜனவரியில், ஹபிள் தொலைநோக்கியைப் பழுதுபார்க்கும் கடைசிப் பயணத்தை நாசா ரத்து செய்தது. மனிதருக்குப் பதில் ரோபோவை அனுப்பலாம் என்ற திட்டம் எழுந்தது. லூயிஸ் லான்செரோட்டி தலைமையில் அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றத்தின் குழு அதை ஆராய்ந்து, தேவைப்படும் காலத்துக்குள் ரோபோப் பயணம் வெற்றிபெற வாய்ப்பு குறைவு, விண்ணோடத்தில் ஆட்களையே அனுப்ப வேண்டும் என்றது. 2009 மே மாதம் ஆட்கள் போனார்கள். நிறமாலைக் கருவி ஒன்றின் மூடியில் 111 சிறு திருகுகள். கழன்ற திருகுகள் பறந்துவிடாமல் தாங்க ஒரு சிறப்புத் தகடு செய்திருந்தார்கள். ஆனால் அதற்கு முன்பே தடுக்கியது. குறுக்கே இருந்த கைப்பிடியின் ஒரு திருகு தேய்ந்து சுழலாமல் போனது. தரைக் குழு அதே போன்ற கைப்பிடியை வளைத்து முறித்துப் பார்த்து, எவ்வளவு விசை வேண்டும் என்று கணக்கிட்டுச் சொன்னது. மைக்கேல் மாசிமினோ கையால் பிய்த்தெடுத்தார்.

அந்த விசையை எந்திரமும் கொடுக்கும். பிய்க்கலாம் என்ற முடிவுதான் எந்த நிரலிலும் இல்லாதது. அதைப் பல நூறு கிலோமீட்டர் கீழே இருந்தவர்களும் மேலே இருந்தவரும் சேர்ந்து எடுத்தார்கள்.

ஆனால் கைவிடப்பட்ட ரோபோத் திட்டத்தின் உழைப்பு மண்ணுக்குள் போகவில்லை. செப்போலினாவின் குழு அந்த அனுபவத்தைக் கொண்டு எரிபொருள் நிரப்பும் சோதனைப் பெட்டி ஒன்றைச் செய்து 2011 ஜூலையில், கடைசி விண்ணோடத்தில், நிலையத்துக்கு அனுப்பியது. நிலையத்தில் 2008 முதல் இருக்கும் டெக்ஸ்டர் என்ற இரட்டைக் கை ரோபோ, ஹூஸ்டனிலிருந்தும் கனடாவின் செயிண்ட்-ஹூபர்ட்டிலிருந்தும் இயக்கப்படுவது, அந்தப் பெட்டியில் மெல்லிய காப்புக் கம்பிகளை அறுத்து, மூடிகளைத் திருகி, 2013 ஜனவரியில் எத்தனாலை நிரப்பிக் காட்டியது. பெட்டியில் இருந்த வால்வுகளும் மூடிகளும் வேண்டுமென்றே பழைய பாணியில் செய்யப்பட்டவை. ஏனென்றால் மேலே சுற்றும் கோள்களில் பெரும்பாலானவை ரோபோவை எண்ணிக் கட்டப்பட்டவை அல்ல. 2020 பிப்ரவரியில் எம்இவி-1 என்ற சேவைக் கோள் எரிபொருள் தீர்ந்துவந்த இன்டெல்சாட்-901ஐப் பற்றியபோதும், பற்றுவதற்கு முளை இல்லாததால் அதன் எஞ்சின் வாய்க்குழலுக்குள் தன் பிடியை நுழைத்துத்தான் பற்ற வேண்டியிருந்தது. இன்டெல்சாட்-6க்குப் பின் இருபத்தெட்டு ஆண்டு ஆகியும் முளை இல்லை.

நிலையத்துக்குள் உள்ள ரோபோக்களைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கில்லை. மனித உருவில் செய்த ரோபோநாட்-2 2011இல் வந்தது, 2014இல் கால்கள் பொருத்தினார்கள், பிறகு மின்கோளாறால் முடங்கி 2018இல் பூமிக்குத் திரும்பியது. மாறாக, 2019இல் வந்த ஆஸ்ட்ரோபீ என்ற கனசதுரங்கள் மனித முகம் இல்லாமல் நிலையத்துக்குள் பறந்து ஆய்வாளர்களின் சோதனைகளுக்குப் பயன்பட்டுவருகின்றன. வீரர்களின் நேரத்தை மிச்சப்படுத்துவதுதான் நோக்கம் என்றால், மனித உருவம் அதற்குத் தேவையில்லை என்பதே இதுவரை கிடைத்த அனுபவம்.

இந்தியாவுக்கு இந்தக் கேள்விகள் இப்போது வந்துவிட்டன. 2024 டிசம்பர் 30 அன்று ஏவப்பட்ட பிஎஸ்எல்வி-சி60 ராக்கெட்டின் நான்காம் கட்டத்தை வீணாக்காமல் சோதனை மேடையாக்கி, திருவனந்தபுரத்தில் உருவான, அட்டைப்பூச்சிபோல் முனை மாற்றி முனை ஊன்றி நகரும் ஏழு மூட்டு ரோபோ கையை இஸ்ரோ அதில் இயக்கிப் பார்த்தது. அதே ராக்கெட்டில் போன இரண்டு ஸ்பேடெக்ஸ் கோள்கள் 2025 ஜனவரி 16 அன்று ஒன்றோடொன்று இணைந்தன. 2020இல் அறிமுகமான வியோமித்ரா என்ற பெண்ணுருவ எந்திரம், மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின் ஆளில்லாத பயணத்துக்காக உருவானது. செய்தித்தாள்களின் கண் வியோமித்ராவின் முகத்தில் இருக்கிறது. என் கண் அந்த ஏழு மூட்டுக் கையில் இருக்கிறது.

2028இல் முதல் தொகுதி, 2035க்குள் முழு நிலையம் என்பது இந்திய விண்வெளி நிலையத்துக்கான திட்டம். முதல் தொகுதியின் வெளிச்சுவர் இப்போது வரைபடத்தில் இருக்கும். அந்தக் கை ஊன்றுவதற்கான பிடிமுளைகள் எத்தனை, எங்கெங்கே. அவற்றுக்கு மின்சாரமும் தரவும் போகுமா. கையுறை அணிந்த கைக்கும் எந்திரப் பிடிக்கும் பொதுவாகப் பொருந்தும் திருகுகள் எவை. கழற்றிய திருகு பறந்துபோகாமல் பெட்டியிலேயே தங்குமா. விண்வெளி வீரர் வெளியே நிற்கும்போது தரையிலிருந்து கையை இயக்கும் அதிகாரம் யாருக்கு இருக்கும், ‘நிறுத்து’ என்று யார் சொன்னால் அது நிற்கும். 2021இல் சர்வதேச நிலையத்துக்குச் சென்ற ஐரோப்பிய ரோபோ கையை, வெளியே நடக்கும் வீரரே இயக்குவதற்கு ஒரு தனிக் கட்டுப்பாட்டுப் பலகை உண்டு. இந்தியக் கைக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்றால், அதற்கான இடத்தையும் கம்பிவழியையும் தொகுதியின் உலோகத்தை வெட்டுவதற்கு முன்பே ஒதுக்கியாக வேண்டும்.